ஒரே விலை, ஒரே மாதிரி மடக்குக்கத்தி... எதை நம்பி வாங்குவது? லாக் முதல் சட்டம் வரை முழு விளக்கம்

ஆன்லைனில் ‘மடக்குக்கத்தி’ என்று தேடினால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பத்துப் பதினைந்து கத்திகள் வரிசையாக வந்து நிற்கும். கறுப்புக் கைப்பிடி, பளபளக்கும் பிளேடு, பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப், ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று ஒரு வாசகம். விலையிலும் நூறு, இருநூறு ரூபாய்தான் வித்தியாசம். அப்புறம் என்ன, குறைந்த விலையில் இருப்பதை கார்ட்டில் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் போட்டோவில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கத்திகளில் ஒன்று பத்து வருஷம் உழைக்கும். இன்னொன்று கயிறு அறுக்கும்போது உங்கள் விரல் மேலேயே மடங்கும். ஒன்று பையில் இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்னொன்றை வைத்துக்கொண்டு டெல்லியில் நடந்தால் வழக்கே வரலாம்.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது ஸ்டீலின் பெயரை. பட்ஜெட் விலையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் லாக், அடுத்து பிளேடின் தடிமன், மூன்றாவது அளவு, அதற்குப் பிறகுதான் ஸ்டீல். ஏன் இந்த வரிசை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மடக்குக்கத்தி, பேனாக்கத்தி, பட்டன் கத்தி... மூன்றும் ஒன்றா?

இல்லை. பிளேடு கைப்பிடிக்குள் மடங்கி உட்காரும் எல்லாக் கத்தியும் மடக்குக்கத்திதான். அதில் சின்ன சைஸில் இருப்பதைப் பேனாக்கத்தி என்கிறோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்படுத்திய கத்தி என்பதால் வந்த பெயர் அது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. வில்லுக்கத்தி என்றும் ஒரு பழைய சொல் தமிழில் உண்டு. பிளேடைப் பிடித்து நிறுத்தும் முதுகு ஸ்பிரிங்கைத்தான் ‘வில்’ என்றார்கள்.

பட்டன் கத்தி வேறு ரகம். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் பிளேடைத் தானாக வெளியே தள்ளும். பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் வரும் ராம்பூர் கத்தி நினைவிருக்கும். பழம் நறுக்கவோ பார்சல் பிரிக்கவோ இந்த வசதி தேவையே இல்லை. சட்டச் சிக்கல் அதிகம் வருவதும் இதில்தான். ஆன்லைனில் ‘ஆட்டோமேட்டிக்’, ‘அசிஸ்டட் ஓப்பன்’, ‘ஸ்பிரிங் ஆக்‌ஷன்’ என்று போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் கேள்வி: லாக் இருக்கா?

கத்தியைப் பிடிக்கும்போது நான்கு விரல்களும் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். பிளேடு மடங்கி வந்து உட்காரும் பாதையில்தான் இருக்கின்றன. கூர் கீழே, விரல் அதற்கும் கீழே. வெட்டும்போது பிளேடின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் பிளேடு மடங்கும். மடங்கினால் விரல்தான் தடுப்பு. கூரான முனையால் எதையாவது குத்தித் துளை போடும்போதும், மரத்தில் சிக்கிய கத்தியைத் திருகி இழுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் ஸ்டீலுக்கு முன்னால் லாக்.

பட்ஜெட் விலையில் கிடைக்கும் முக்கிய வகைகள் இவை:

ஸ்லிப் ஜாயின்ட்: இதில் லாக்கே கிடையாது. முதுகில் உள்ள ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் பிளேடைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். வேகமாகத் தள்ளினால் மடங்கிவிடும். விக்டோரினாக்ஸின் சிவப்பு நிறச் சின்னக் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பழம், காகிதம், நூல் என்று மெல்லிய வேலைகளுக்குப் போதும்.

வளைய லாக்: பிளேடும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். அதைத் திருகினால் பிளேடு மடங்கும் வழி அடைபடும். பிரான்ஸின் ஓபினெல் கத்தியில் 1955 முதல் இருப்பது இதுதான். எளிமையான அமைப்பு, கண்ணால் பார்த்தே பூட்டியிருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் கையால் திருக வேண்டும் என்பது மட்டும்தான் குறை. மறந்தால் லாக் இல்லாத கத்திதான்.

பேக் லாக்: கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல். பிளேடு திறந்ததும் ‘டக்’ என்று அதுவே பூட்டும். மடக்க, முதுகில் அழுத்த வேண்டும். விரல் பிளேடின் பாதையில் வராது. இடது கைக்காரர்களுக்கும் வசதி. மலிவான தயாரிப்புகளில் பிளேடு மேலும் கீழும் லேசாக ஆடும்.

லைனர் லாக்: கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு. பிளேடு திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடிப்பாகத்தைத் தாங்கும். இப்போதுள்ள வடிவத்துக்கு 1980களில் இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். பட்ஜெட் கத்திகளில் மிக அதிகமாக இருப்பது இதுதான். நல்லதும் மோசமானதும் அதிகம் கலந்திருப்பதும் இதில்தான். தகடு ரொம்ப மெல்லிசாக இருந்தாலோ, நூல் பிசிறும் தூசியும் அடைத்துக்கொண்டாலோ, அழுத்தம் கொடுத்ததும் நழுவிவிடும். மடக்கும்போது கட்டைவிரலை பிளேடின் பாதையில் வைத்துத்தான் தகடைத் தள்ள வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலான லைனர் லாக் வலது கைக்காரர்களுக்காகவே செய்யப்படுகிறது.

குறுக்குக் கம்பி லாக்: கைப்பிடியின் குறுக்கே ஒரு சின்னக் கம்பி முன்னும் பின்னும் நகரும். அமெரிக்காவின் பெஞ்ச்மேட் நிறுவனம் ‘ஆக்சிஸ்’ என்ற பெயரில் பிரபலமாக்கியது. இப்போது சீனாவின் கான்சோ போன்ற பட்ஜெட் பிராண்டுகளிலும் கிடைக்கிறது. இரண்டு கைக்கும் பொருந்தும், மடக்கும்போது விரல் பாதையில் வராது. உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் உடைவது இதன் பலவீனம்.

இதில் எது ‘பெஸ்ட்’ என்று ஒரு பதில் கிடையாது. ஆனால் ஒரே விலையில் நன்றாகச் செய்த ஸ்லிப் ஜாயின்ட்டும் மோசமாகச் செய்த லைனர் லாக்கும் இருந்தால், முதலாவதே பாதுகாப்பு. லாக் இல்லை என்று தெரிந்தால் கை தானாகவே கவனமாக இருக்கும். லாக் இருக்கிறது என்று நம்பி அழுத்தும்போது அது நழுவினால்தான் காயம் ஆழமாகிறது.

இரண்டாவது கேள்வி: பிளேடு எவ்வளவு தடிமன்?

‘தடிமனான பிளேடுதான் ஸ்ட்ராங்’ என்று விளம்பரம் சொல்லும். உடையாமல் இருக்க அது சரி. ஆனால் கத்தியின் வேலை வெட்டுவது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளேடால் ஆப்பிளை நறுக்கிப் பாருங்கள். பாதி வரை போனதும் பழம் ‘டக்’ என்று பிளந்துகொள்ளும். வெட்டுவதற்குப் பதில் ஆப்பு மாதிரி பிளக்கிறது. காரட் என்றால் துண்டு தெறிக்கும்.

வீட்டு வேலைக்கு இரண்டு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம் போதும். முதுகின் தடிமனைவிட முக்கியம், கூருக்குச் சற்று மேலே பிளேடு எவ்வளவு மெலிந்து வருகிறது என்பது. முதுகிலிருந்து கூர் வரை சீராக மெலிந்துகொண்டே வரும் பிளேடு, சாதாரண ஸ்டீலாக இருந்தாலும் நன்றாக வெட்டும். பாதி உயரம் வரை ஒரே தடிமனில் வந்து கடைசியில் மட்டும் சீவிவிட்ட பிளேடு, எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டீலாக இருந்தாலும் திணறும். ஆன்லைன் போட்டோக்களில் கத்தியை நேர் முன்னாலிருந்து எடுத்த படம் இருக்கா என்று தேடுங்கள். அந்த ஒரு படம் பத்து வரி விளம்பரத்தைவிட அதிகம் சொல்லும்.

பிளேடில் ரம்பம் மாதிரிப் பல் இருந்தால் கயிறு, பிளாஸ்டிக் பட்டை அறுக்க வேகமாக இருக்கும். ஆனால் அதை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. ஒரே ஒரு கத்தி வாங்குபவர்கள் பல் இல்லாத நேர் பிளேடையே எடுக்கலாம்.

ஸ்டீல் பெயருக்குள் என்ன இருக்கு?

ஸ்டீல் பெயர்கள் பார்க்கப் புரியாத மாதிரி இருந்தாலும் சிலவற்றில் விடை பெயரிலேயே இருக்கிறது. உதாரணம், சீன பட்ஜெட் கத்திகளில் அடிக்கடி பார்க்கும் 8சிஆர்13எம்ஓவி. முதலில் வரும் 8 என்றால் ஏறத்தாழ 0.8 சதவீதம் கார்பன். சிஆர்13 என்றால் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம். கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் நிற்கும். குரோமியம் கூடினால் துரு குறையும்.

இதே கணக்கில் 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3 சதவீதம்தான். மென்மையான ஸ்டீல், கூர் சீக்கிரம் போகும். 5சிஆர்15எம்ஓவி நடுத்தரம். போட்டோவில் ஒரே மாதிரி இருக்கும் கத்திகளில் இந்த முதல் எண்தான் நிஜமான வித்தியாசமாக இருக்கலாம்.

டி2: கார்பன் ஏறத்தாழ 1.5 சதவீதம், குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம். கூர் ரொம்ப நாள் நிற்கும். ஆனால் தீட்டுவது கஷ்டம், ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும்.

12சி27: ஸ்வீடன் ஸ்டீல். கார்பன் ஏறத்தாழ 0.6 சதவீதம், குரோமியம் 13 சதவீதத்துக்குச் சற்று மேல். எளிதில் கூர் ஏறும், துருவையும் தாங்கும்.

கார்பன் ஸ்டீல்: குரோமியம் இல்லாத பழைய ரகம். சூப்பராகக் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் பட்டதும் கறுக்கும். துடைக்காமல் வைத்தால் துரு. சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இருப்பவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’, ‘ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டு எண் எதுவும் கொடுக்கவில்லை என்றால், அது ஸ்டீலின் பெயரே இல்லை, விளம்பர வாசகம். ‘440’ என்று மட்டும் இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். 440ஏ, 440பி, 440சி மூன்றும் வேறு வேறு. அதில் கார்பன் அதிகம் உள்ளது சி. சில நூறு ரூபாய்க் கத்தியில் ‘டமாஸ்கஸ்’ அலை டிசைன் தெரிந்தால், அது மேலே அச்சிட்டதாகவோ அமிலத்தால் வரைந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு சொல்லியும் ஸ்டீலை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. ஒரே ஸ்டீலைச் சரியாகச் சூடேற்றிக் குளிர்விக்காவிட்டால் அதன் முழுக் குணமும் வராது. பெயரை அச்சடிப்பது சுலபம், அந்தப் பதத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். இன்னொன்று, எந்த ஸ்டீலாக இருந்தாலும் கூர் ஒருநாள் போகத்தான் செய்யும். வீட்டில் தீட்டத் தெரிந்தவருக்குச் சாதாரண ஸ்டீலே போதும்.

நிஜ உதாரணம்: மூன்று கத்தி, மூன்று குணம்

பட்ஜெட் மடக்குக்கத்தி என்றால் உலக அளவில் திரும்பத் திரும்ப வரும் மூன்று ரகங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் மேலே சொன்னது தெளிவாகப் புரியும்.

ஓபினெல் 8: பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓபினெல் தொடங்கி வைத்த கத்தி. விவசாயிகளுக்காகச் செய்யப்பட்டது. 1897இல் 1 முதல் 12 வரை அளவுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். எட்டாம் எண்ணின் பிளேடு 8.5 சென்டிமீட்டர். பீச் மரக் கைப்பிடி, வளைய லாக், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய பிளேடு. எடை ஐம்பது கிராமைக்கூட எட்டாது. கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என இரண்டு வகையில் வருகிறது. நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான் பொருத்தம். குறை என்னவென்றால், மரம் தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொள்ளும், பிளேடைத் திறக்கவே முடியாமல் சிக்கும். காய்ந்ததும் சரியாகிவிடும். ஒரு கையால் திறக்கவும் முடியாது.

விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்: சுவிட்சர்லாந்து தயாரிப்பு. 1884இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறை இது. இப்போது உலகமே அறிந்த அந்தச் சிவப்புக் கத்தியின் மூல வடிவம் 1897இல் பதிவானது. மடக்கினால் 9.1 சென்டிமீட்டர். பெரிய பிளேடு, சின்ன பிளேடு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், கார்க் திருகி, துளையூசி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பிளேடுக்கு லாக் இல்லை. ஸ்டீல் கொஞ்சம் மென்மைதான், ராக்வெல் அளவில் 56. அதனாலேயே தீட்டச் சுலபம், துருவும் ஏறாது. வெட்டுவதைவிட மற்ற வேலைகள் அதிகம் என்பவர்களுக்கு இது சரி.

சீன லைனர் லாக் கத்திகள்: சான்ரென்மு, கான்சோ போன்ற பிராண்டுகளும், பெயரே இல்லாத நூறு தயாரிப்புகளும் இந்த வரிசையில் வருகின்றன. ஒரு கையால் திறக்கலாம், கிளிப் இருக்கும், ஸ்டீலும் காகிதத்தில் மேலே சொன்ன இரண்டையும்விடக் கடினமாக இருக்கும். பிராண்ட் பெயர் உள்ளவற்றில் தரம் ஓரளவு சீராக வரும். பெயரில்லாதவற்றில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால்கூட ஒன்றின் லாக் கெட்டியாகவும் இன்னொன்று தளர்வாகவும் வரலாம். பிளேடும் பொதுவாகத் தடிமன்.

அதாவது, ஸ்டீல் பெயரை வைத்துப் பார்த்தால் மூன்றாவது ஜெயிக்கும். தக்காளியை வைத்துப் பார்த்தால் ஓபினெல் ஜெயிக்கும். ரயிலில் சோடா பாட்டில் திறக்க வேண்டும் என்றால் ஸ்பார்ட்டன்தான். வேலை எது என்று முடிவு செய்யாமல் கத்தியை முடிவு செய்தால் காசு வீண்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 இரண்டும்தான் அடிப்படை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அந்த வரையறையில் விலக்கு உண்டு. மூன்று நான்கு அங்குல மடக்குக்கத்தி இந்த அளவுக்குள் வராது.

அதற்காக எங்கும் எடுத்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. டெல்லியில் 1980 முதல் தனி அறிவிக்கை உள்ளது. ஸ்பிரிங், பட்டன் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறக்கும், மூடும் கத்திகளில், பிளேடு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் அது கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. இங்கே இருந்து டூர் போகும்போது பையில் பட்டன் கத்தி இருந்தால் அங்கே சிக்கல்தான்.

தமிழ்நாட்டிலும் ஓர் ஊரில் தடை உத்தரவு அமலில் இருக்கும்போது ஆயுதம் எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு வரும். முன்பு 144 என்று சொன்னது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. திருவிழா, தேர்தல், போராட்ட நேரங்களில் கத்தியை வீட்டிலேயே வைப்பது புத்திசாலித்தனம். அளவு சின்னதாக இருந்தாலும், மிரட்டவோ தாக்கவோ கையில் எடுத்தால் அது குற்றம்தான். ‘தற்காப்புக்கு’ என்று நினைத்துக் கத்தி வாங்குபவர்கள் அந்த யோசனையையே விட்டுவிடலாம்.

விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. சின்னப் பேனாக்கத்தியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். செக்-இன் லக்கேஜில் வைக்கலாம். மெட்ரோ, நீதிமன்றம் என்று ஸ்கேனர் இருக்கும் இடங்களிலும் கத்தியோடு போனால் வாசலில் நிறுத்துவார்கள்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பரிசு கொடுக்க நினைக்கிறீர்களா? பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாக் இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரலைக் காப்பாற்றும் லாக் அங்கே சட்டத்தில் இடிக்கும். ஓபினெல் 8 நீளத்திலும் லாக்கிலும் இரண்டிலும் தாண்டிவிடும், ஸ்பார்ட்டன் தாண்டாது. பட்டன் கத்தி என்றால் அங்கே 2021 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

அளவில் ஒரு ஏமாற்று

‘8 இன்ச் கத்தி’ என்று ஆன்லைனில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். பெரும்பாலும் அது கத்தியை முழுசாகத் திறந்த பிறகு நுனி முதல் கைப்பிடி முனை வரையிலான நீளம். பிளேடு மட்டும் மூன்று, மூன்றரை அங்குலம்தான் இருக்கும். மூன்று எண்கள் பாருங்கள்: பிளேடு நீளம், மடக்கிய நீளம், எடை. சட்டத்துக்கு முதல் எண், பாக்கெட்டுக்கு மற்ற இரண்டும். எடை நூறு கிராமைத் தாண்டினால் வேட்டி, லுங்கி மடிப்பில் மட்டுமல்ல, பேன்ட் பாக்கெட்டிலும் இழுக்கும்.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டிய 5 செக்

ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

1. நடுவில் நிற்கிறதா? கத்தியை மடக்கி, கூர் இருக்கும் பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். பிளேடு இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் திருகாணி சரியில்லை அல்லது தயாரிப்பே கோணல்.

2. ஆடுகிறதா? திறந்து, பிளேடின் முதுகைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் என்றால் திருகாணியை முறுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழும் ஆடினால் அது லாக்கின் குறை, திருப்பி அனுப்புங்கள்.

3. லாக் தாங்குகிறதா? கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, விரல்கள் பிளேடு மடங்கும் பாதையில் இல்லாதபடி வைத்துக்கொண்டு, பிளேடின் முதுகை மர மேஜையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஓங்கித் தட்டக் கூடாது. மெதுவான அழுத்தத்துக்கே நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம். லாக் இல்லாத கத்திக்கு இந்தச் சோதனை கிடையாது.

4. லைனர் தகடு எங்கே நிற்கிறது? பிளேடின் அடிப்பாகத்தில் கால் பங்கு முதல் பாதி வரை தகடு வந்து தாங்கினால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் ஆபத்து. மறு பக்கம் வரை போய்விட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

5. கூர் சீராக இருக்கா? வெளிச்சத்தில் கூரை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைப் பிரதிபலிக்காது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மழுங்கியிருக்கிறது. ஒரு பேப்பரைத் தொங்கவிட்டு வெட்டினாலும் தெரியும்.

போலிகளைக் கவனிப்பதும் முக்கியம். விக்டோரினாக்ஸ் என்றால் பெரிய பிளேடின் அடியில் நிறுவனப் பெயரும் ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்தும் தெளிவாகப் பதிந்திருக்கும். ஓபினெல் பிளேடில் கிரீடம் வைத்த கை முத்திரை இருக்கும், 1909 முதல் அதுதான் அவர்கள் அடையாளம். எழுத்து மங்கலாகவோ எழுத்துப்பிழையோடோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாணை பிடிப்பது எப்படி?

மழுங்கிய கத்திதான் அதிகம் காயப்படுத்தும். வெட்டாததால் அழுத்துகிறோம், அழுத்துவதால் வழுக்குகிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்பும் உள்ள இரட்டைச் சாணைக்கல் ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

கல்லின் மேல் பிளேடை நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். அது 90 டிகிரி. பாதி சாய்த்தால் 45. அதில் இன்னொரு பாதி சாய்த்தால் ஏறத்தாழ 22. அந்தச் சாய்வை மாற்றாமல், ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறு பக்கம் பத்து இழுப்பு. அழுத்த வேண்டாம். சாய்வு மாறாமல் இருப்பதுதான் எல்லாம். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாமல் இருக்கும் வளையத்திலும் தீட்டலாம்.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் அரிவாள், அரிவாள்மனை, வீட்டுக் கத்தி எல்லாம் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக்கத்தியைக் கொடுக்கும்போது மட்டும் யோசியுங்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய கூர் சூடேறிப் பதம் இழக்கும், இரும்பும் அதிகம் தேயும்.

மூட்டுக்கு எண்ணெய் விடுவது என்றால் கை தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு மூட்டில் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். உணவு நறுக்கும் பிளேடில் அது படக் கூடாது. பழம் நறுக்கியதும் கழுவி, முழுசாகத் துடைத்து, காய்ந்த பிறகே மடக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் எந்த ஸ்டெயின்லெஸ்ஸும் மூட்டில் துருவைக் காட்டும்.

யாருக்கு எது?

பயணத்தில் பழம், பன் நறுக்க: மெல்லிய பிளேடு, ஸ்டெயின்லெஸ். வளைய லாக்கோ ஸ்லிப் ஜாயின்ட்டோ.

கடை, குடோனில் தினமும் பார்சல் பிரிக்க: ஒரு கையால் திறக்கும் லைனர் லாக் அல்லது குறுக்குக் கம்பி லாக். அட்டைப் பெட்டி கூரைச் சீக்கிரம் தின்னும் என்பதால் 8சிஆர்13எம்ஓவி, டி2 போன்ற கடினமான ஸ்டீல் இங்கே உதவும். பார்சல் மட்டும்தான் வேலை என்றால், பிளேடு மாற்றும் கட்டர் இன்னும் மலிவு.

தோட்டத்தில் கயிறு, கொடி, நாற்றுக்கட்டு அறுக்க: பேக் லாக். மண் உள்ளே போகும் என்பதால் கழுவச் சுலபமான எளிய அமைப்பு.

இடது கைக்காரர்களுக்கு: பேக் லாக், வளைய லாக், குறுக்குக் கம்பி லாக். விரலில் பலம் குறைந்த பெரியவர்களுக்கு, நகத்தால் இழுத்துத் திறக்கும் கெட்டி ஸ்பிரிங் கத்தி கஷ்டம். கடையில் ஒருமுறை திறந்து பார்த்து வாங்கித் தருவது நல்லது.

தேங்காய் உடைக்க, இளநீர் சீவ, ஆணி நெம்ப: எந்த மடக்குக்கத்தியும் கூடாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் மூட்டு என்பது மூட்டுதான், அங்கேதான் உடையும். அதற்கு அரிவாளும் திருப்புளியும் இருக்கின்றன.

குழந்தைகள் இருக்கும் வீட்டில், ‘மடக்கித்தானே இருக்கு’ என்று மேஜையில் போடாதீர்கள். ஒரு கையால் திறக்கும் கத்தி பெரியவர்களுக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி குழந்தைக்கும்.

மொத்தத்தில், ஒரே விலையில் இரண்டு கத்திகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் இந்த வரிசையில் கேளுங்கள்: லாக் உறுதியா? பிளேடு வெட்டும் அளவுக்கு மெல்லிசா? நான் போகும் இடத்தில் இந்த அளவுக்கும் அமைப்புக்கும் அனுமதி உண்டா? ஸ்டீலுக்கு எண் கொடுத்திருக்கிறார்களா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்தக் கத்தியை விட்டுவிடலாம். நான்காவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஒரு சாணைக்கல் அதைச் சமாளித்துவிடும்.